வுல்ஃப்குவெஸ்ட் புதுசா ஆடுறவங்களுக்கு: எல்க் உதைக்குது, மூச்சு தீருது, குட்டி பட்டினி

#1 பாலக்கோடு_தம்பி

வணக்கம்ணா, வணக்கம்க்கா. ஓநாயா மாறி ஆடுற வுல்ஃப்குவெஸ்ட் கேம், ஆனிவர்சரி எடிஷன், லேப்டாப்ல. முதல் மேப்பான அமெதிஸ்ட் மவுண்டன்லயே நிக்கறேன். முயல் பிடிக்க வருது, எல்க் மட்டும் வரலை. கிட்ட போனா உதை விழுந்து ஹெல்த் பாதி போயிடுது. தள்ளி நின்னு துரத்தினா ஸ்டாமினா தீர்ந்து ஓநாய் நின்னுடுது. வேட்டை முறை, ஜோடி சேர்க்கறது, அப்புறம் குட்டி வளர்ப்பு, இந்த மூணையும் படிப்படியா யாராவது சொல்லுங்க.

#2 தென்பெண்ணை

தம்பி, உதை விழுறதுக்கும் மூச்சு தீர்றதுக்கும் காரணம் ஒண்ணுதான். கண்ணுல பட்ட முதல் எல்க்கை நோக்கி முழு ஓட்டத்துல போறீங்க. எல்க் நம்ம அஞ்செட்டிக் காட்டுக் கடமானுக்கு உறவு. வளர்ந்த பெட்டை சுமார் 225 கிலோ, கிடா 300 கிலோவுக்கு மேல. ஓநாய் 40, 50 கிலோ. ஓட்டத்துலயும் அது ஓநாய்க்குக் குறைஞ்சதில்லை. பலத்துலயும் வேகத்துலயும் ஜெயிக்க முடியாத மிருகம்னு முதல்ல மனசுல வாங்கிக்கங்க. இந்த விளையாட்டு நடக்கிற அமெரிக்க யெல்லோஸ்டோன் பூங்காவுல நிஜ ஓநாய்க் கூட்டமே எல்க் வேட்டையில அஞ்சு தடவை இறங்கினா ஒரு தடவை ஜெயிச்சா பெரிசு. அதனால தோத்தது உங்க தப்புன்னு நினைக்காதீங்க. தோக்கப்போறதை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிச்சு விடுறீங்க, அதுதான் விளையாட்டு.

இப்படிப் பண்ணுங்க.

மந்தையைத் தேடும்போது ஓடவே வேண்டாம். ஓநாய்க்கு நடை, மெது ஓட்டம், முழு ஓட்டம்னு மூணு இருக்கு. மேப்பைச் சுத்துறது முழுக்க மெது ஓட்டத்துலதான். சென்ட் வியூ, அதாவது வாசனையைக் கண்ணுக்குக் காட்டுற பார்வை, அதைப் போட்டுத் தடம் பாருங்க. தடம் மங்கிக்கிட்டே போனா எதிர்ப்பக்கம் போறீங்கன்னு அர்த்தம், திரும்புங்க. தெளிவாகிக்கிட்டே வந்தா சரியான பக்கம்.

மந்தை தெரிஞ்சதும் நில்லுங்க. ஸ்டாமினா முழுசா நிறையுற வரைக்கும் நிக்கணும். புதுசா ஆடுறவங்க தவறவிடுறது இந்த இடத்தைத்தான். பாதி மூச்சோட ஆரம்பிச்ச துரத்தல் பாதியிலதான் முடியும்.

அடுத்து மந்தையைக் கிளப்பிவிடுங்க. இது கடிக்கிறதுக்கான ஓட்டம் இல்லை, அதுங்களை ஓடவைக்கிறதுக்கான ஓட்டம். பட்டி ஆடு மேய்க்கிறவங்களுக்குத் தெரியும், கால் நோவுற ஆடு கடைசியிலதான் வரும். எல்க்கும் அப்படித்தான். 10 விநாடி பாருங்க. எது பின்தங்குது, எது தலையை ஆட்டி ஆட்டி ஓடுது, எது மந்தையை விட்டு விலகுது? அதை மட்டும் பிடிங்க. நடுவுல வேற ஒண்ணு கிட்டக்க வந்தாலும் மாத்தாதீங்க. மாத்தின ஒவ்வொரு தடவையும் புது மூச்சோட இருக்கிற மிருகத்தைத் துரத்த ஆரம்பிக்கிறீங்க.

எதுவுமே பின்தங்கலையா? அந்த மந்தையை விட்டுடுங்க, அடுத்தது தேடுங்க.

கடிக்கும்போது நேர் பின்னால நிக்காதீங்க, உதை அங்கதான் விழும். பின்தொடைக்குச் சாய்வா, பக்கத்துல இருந்து வாங்க. கடிச்சதும் தொங்கிக்கிட்டே இருக்கணும்னு பிடிவாதம் வேண்டாம். அது திரும்பி நின்னா விட்டு விலகுங்க, மறுபடி ஓட ஆரம்பிச்சதும் பக்கவாட்டுல சேருங்க. ஓடுற எல்க்கால குறி பார்த்து உதைக்க முடியாது. நின்ன எல்க்தான் ஆபத்து.

ஸ்டாமினா மூணுல ஒரு பங்குக்கு இறங்கியும் இடைவெளி குறையலைன்னா நிறுத்திடுங்க. மூச்சு தீர்ந்து எல்க் முன்னால நிக்கிற ஓநாயால விலகக்கூட முடியாது. பாதி ஹெல்த் போறது அந்த நேரத்துலதான்.

#3 தளி_சாலை

தென்பெண்ணை அண்ணா சொன்னதோட ஒண்ணு. ஆத்துல இறங்கின எல்க்கைத் துரத்தாதீங்க. அதுக்குக் கால் நிலைக்கிற ஆழத்துல ஓநாய் நீந்தணும். நிஜத்துலயும் எல்க் தப்பிக்கிற வழி அதுதான். கரையிலயே நின்னு வேற ஒண்ணு பாருங்க.

#4 அரூர்_கணினி

விளையாட்டு நடுவுல திணறுதுன்னா அதுவும் உதை விழக் காரணம். துரத்தும்போது படம் விட்டு விட்டு வந்தா எல்க் திரும்புறது உங்க கண்ணுக்குத் தாமதமாத்தான் தெரியும். செட்டிங்ஸ்ல நிழலை முதல்ல குறைங்க, அப்புறம் ரெசல்யூஷனை ஒரு படி இறக்குங்க, கடைசியா தூரக்காட்சி. தூரக்காட்சியைக் கடைசியா வெச்சதுக்குக் காரணம், மேட்டுல நின்னு மந்தை தேடுறதுக்கு அது வேணும். சித்திரை வெயில்ல தருமபுரிப் பக்கம் லேப்டாப் சூடானா தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும். அடியில காத்து போற மாதிரி ரெண்டு பக்கமும் உயர்த்தி வைங்க, மெத்தை மேல வைக்காதீங்க. கரண்ட் போற நேரம் தெரிஞ்சா அதுக்கு முன்னாடி சேவ் பண்ணிடுங்க. பேட்டரி பழசா இருந்தா வேட்டை முடிஞ்ச ஒவ்வொரு தடவையும் சேவ்.

போன்ல ஆடுறவங்க ஈஸி லெவல்ல ஆரம்பிங்க. விரலால திருப்பறது மவுஸ் அளவுக்கு வேகமா வராது, பக்கவாட்டுல சேர்ற பழக்கம் வர நாளாகும்.

#5 ஊத்தங்கரை_வாசி

பெட்டை எல்க்தான் பிடிக்கணும், கிடாகிட்ட போகவே கூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அது முழுசா சரியில்லை. இனச்சேர்க்கைக் காலத்துல கிடா சரியா மேயாம சண்டையிலயே உடம்பை இழக்கும். பனிக்கால முடிவுல அது மெலிஞ்சு போயிருக்கும். யெல்லோஸ்டோன்ல அந்தச் சமயத்துல ஓநாய்கள் கிடாவைப் பிடிக்கிறது கூடும்.

#6 தென்பெண்ணை

நீங்க சொல்றது உண்மை. ஆனா அங்க பிடிக்கிறது ஒரு கூட்டம். அமெதிஸ்ட் மவுண்டன்ல இவர் ஒத்தை ஓநாய், முன்னாடி கொம்பு, பின்னாடி குளம்பு, திசை திருப்ப இன்னொரு ஓநாய் இல்லை. ஜோடி சேர்ற வரைக்கும் பெட்டைதான். ஜோடி வந்தப்புறம் பனிக்கால முடிவுல தனியா நிக்கிற மெலிஞ்ச கிடாவுக்கு ஒருத்தர் முன்னால போக்குக் காட்டி, இன்னொருத்தர் பின்னால கடிச்சுப் பாக்கலாம்.

#7 பாலக்கோடு_தம்பி

பின்தங்குறதைப் பாக்கணும்னு சொன்னது புரிஞ்சுதுணா. ஒரு சந்தேகம், அடிச்சு முடிச்சதும் கரடி வந்தா?

#8 காவேரிப்பட்டணம்_அக்கா

கண்ணு, ஒத்தை ஓநாயா இருந்தா கரடிகிட்ட மல்லுக்கு நிக்காதே. கிரிஸ்லி கரடி வந்தா விலகி நில்லு. ஒரு அடி பட்டாப் போற ஹெல்த்தைத் திரும்பப் பெற இன்னொரு வேட்டை வேணும், அந்த வேட்டைக்கும் ஹெல்த் வேணும். இந்தச் சுழல்ல மாட்டினா எழுந்திருக்கிறது கஷ்டம்.

அதனால விழுத்தினதும் செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு: வயிறு முட்டச் சாப்பிடு. சுத்திப் பாக்கிறது, ஊளையிடுறது எல்லாம் அப்புறம். நிஜ ஓநாயே ஒரே வேளையில 9 கிலோ வரைக்கும் உள்ள தள்ளும், ஏன்னா அடுத்த வேளை எப்போன்னு அதுக்குத் தெரியாது. கரடி வர்றதுக்குள்ள உன் பசி பார் நிறைஞ்சிருந்தா மிச்சத்தை அது எடுத்துட்டுப் போகட்டும். அது தின்னுட்டு நகர்ந்தப்புறம் மீதி இருந்தா திரும்பி வா. காக்கா கூட்டம் வட்டமடிக்கிற இடத்தை மறந்துடாதே, வேற யாராவது விழுத்தின இரை அங்க கிடக்கலாம்.

கயோட்டி வந்தா விரட்டு. நம்ம நரியை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ஆனா துரத்திக்கிட்டே இரையை விட்டுத் தூரம் போயிடாதே. ஒண்ணைத் துரத்தும்போது இன்னொண்ணு வந்து தின்னும்.

#9 பர்கூர்_மலை

இது செந்நாய் விளையாட்டுன்னு நினைச்சு வந்தேன். ஓநாயும் செந்நாயும் ஒண்ணுதானே?

#10 தளி_சாலை

இல்லைங்க. செந்நாய் வேற பேரினம். நம்ம காவிரி வடக்குச் சரணாலயக் காட்டுல இருக்கிறது செந்நாய். அது ஊளையிடாது, சீழ்க்கை மாதிரி சத்தம் கொடுத்துக் கூட்டத்தைச் சேர்க்கும். இந்த விளையாட்டுல இருக்கிறது வட அமெரிக்கச் சாம்பல் ஓநாய். நம்ம நாட்டு ஓநாயும் அதே இனம்தான், உடம்பு சின்னது, அடர்ந்த காட்டை விட வறண்ட மேய்ச்சல் வெளியில வாழ்றது. விளையாட்டுலயும் அந்த வித்தியாசம் வேலை செய்யும். அடர்ந்த காட்டுல மாதிரி புதர்ல மறைஞ்சு பாயலாம்னு நினைச்சா நடக்காது. லமார் ஆத்துப் பக்கம் திறந்த புல்வெளி, மந்தை உங்களைத் தூரத்துலயே பாத்துடும். மறையறதுல நேரம் போக்காம மேட்டுல ஏறி நின்னு எந்த மந்தைன்னு தேர்ந்தெடுங்க.

#11 ஒகேனக்கல்_சாரல்

ஜோடி சேர்க்கறதைப் பத்தி யாரும் சொல்லலை, நான் எழுதறேன். இங்க சாகுறவங்க நிறைய.

உங்க ஓநாய் ரெண்டு வயசுல பிறந்த கூட்டத்தை விட்டு வெளிய வந்த ஒண்ணு. நீங்க தேட வேண்டியதும் அதே மாதிரி தனியா அலையற ஒண்ணைத்தான். ஒரு கூட்டத்துக்குள்ள போய் ஜோடி கேட்க முடியாது. மேப்புல வேத்துக் கூட்டங்களோட எல்லை இருக்கும். உள்ள நுழைஞ்சதும் சென்ட் வியூல எத்தனை ஓநாயோட தடம்னு பாருங்க. ரெண்டு மூணு தடம் சேர்ந்து போனா அது கூட்டம், வந்த வழியே திரும்புங்க. யெல்லோஸ்டோன்ல ஓநாய்கள் இயற்கையாச் சாகுறதுல முதல் காரணமே வேற ஓநாய்க் கூட்டம். விளையாட்டை வடிவமைச்சவங்க அதை அப்படியே வெச்சிருக்காங்க.

தடம் ஒத்தையா இருந்தா மெதுவா நெருங்குங்க. பாய்ஞ்சு போகாதீங்க. முழு ஹெல்த்தோட போங்க, ஏன்னா நெருங்கினப்புறம்தான் அது யாருன்னு உறுதியாத் தெரியும். அது நட்பா வாலாட்டினா நட்பான அசைவையே திருப்பிக் கொடுங்க, முறைச்சா தள்ளி நில்லுங்க. ஒண்ணு வேண்டாம்னு போயிட்டாப் பின்னால ஓடாதீங்க, இன்னொண்ணு வரும்.

அழகான நிறத்துக்காக ஜோடி எடுக்காதீங்க. குணத்தைப் பாருங்க. துணிச்சல்காரன் வேட்டையில நல்லா உதவும், ஆனா கரடிமேலயும் போய் விழும். பயந்த குணம் உசிரோட நீடிக்கும், ஆனா சண்டையில நீங்க தனியா நிக்க வேண்டியிருக்கும். புதுசா ஆடுறவங்க நடுத்தரமா எடுங்க.

#12 பர்கூர்_மலை

நாமதானே ஆல்பா, அதாவது கூட்டத்துத் தலைவன், ஜோடி நம்ம பேச்சைக் கேட்டுத்தானே ஆகணும்?

#13 ஒகேனக்கல்_சாரல்

அந்த எண்ணத்தோட ஆடினா ரெண்டாவது மேப்ல மாட்டுவீங்க. ஆல்பா கதை அடைச்சு வெச்ச ஓநாய்களைப் பாத்து வந்தது. ஒண்ணோட ஒண்ணு சம்பந்தமில்லாத ஓநாய்களை ஒரே கூண்டுல போட்டாச் சண்டை வரத்தான் செய்யும். ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மெக் ஆல்பாங்கிற சொல்லை முன்னாடி பரப்பினவர், 1999ல அவரே எழுதின கட்டுரையில காட்டு ஓநாய்க் கூட்டம்னா அப்பா, அம்மா, பிள்ளைகள்தான்னு விளக்கினார். விளையாட்டுல ஜோடி தானா முடிவெடுக்கும். வேட்டைக்கு வராம குட்டிகிட்டயே இருக்கும், சில நேரம் நீங்க கூப்பிடாமலே வரும். அது எங்க இருக்குன்னு பாத்து அதுக்கேத்த மாதிரி நீங்க நகரணும்.

#14 தென்பெண்ணை

ரெண்டாவது மேப்பான ஸ்லோ க்ரீக் பத்தி நான் சொல்லிடறேன். முதல்ல டென், அதாவது குட்டி போடுற குகை, அப்புறம் எல்லை, அப்புறம் குட்டி.

டென் தேர்ந்தெடுக்கும்போது எல்லா இடத்தையும் ஒரு தடவை போய்ப் பாருங்க, அவசரம் இல்லை. ரெண்டு கேள்வி போதும். எல்க் நடமாட்டம் கிட்டக்க இருக்கா? வேத்துக் கூட்டத்தோட எல்லை எவ்வளவு தூரம்? எல்க் நிறைய இருந்தும் பக்கத்துல வேத்துக் கூட்டம் இருந்தா அந்த இடம் வேண்டாம். வேட்டைக்குக் கொஞ்சம் தூரம் நடந்துக்கலாம். குட்டி இருக்கும்போது வர்ற கூட்டத்தைத் தடுக்க முடியாது.

எல்லை ஹெக்ஸ் ஹெக்ஸா, அறுகோணக் கட்டமா இருக்கும். வாசனைக்குறி வெச்சு ஒவ்வொண்ணா உங்களுதாக்கணும். டென்னைச் சுத்தி ஒட்டி ஒட்டி வைங்க. இங்க ஒண்ணு, அங்க ஒண்ணுன்னு தெறிச்சு வெச்சா எல்லையே ஆகாது. குறி நாளாக ஆக மங்கும், மறுபடி வைக்கணும். எவ்வளவு பெரிசா பிடிக்கிறீங்களோ அவ்வளவு சுத்த வேண்டியிருக்கும், அந்த நேரத்துல டென் காலியாக் கிடக்கும். விளையாட்டு கேக்கிற அளவு கிடைச்சதும் நிறுத்திக்கங்க. வேத்துக் கூட்டத்தை ஒட்டின பக்கம் மட்டும் அடிக்கடி போய்ப் புதுப்பிங்க. உள்பக்கம் அவ்வளவு வேண்டியதில்லை.

#15 காவேரிப்பட்டணம்_அக்கா

குட்டி பிறந்தப்புறம் ஆட்டம் வேற. அதுவரைக்கும் ஒரு வயிறு, இப்போ வீடு முழுக்க வயிறு. நிஜத்துல சினைக்காலம் 63 நாள், குட்டி ஏப்ரல் வாக்குல பிறக்கும், ஒவ்வொண்ணும் அரைக் கிலோ அளவுதான். மூணு வாரத்துல குகையை விட்டு வெளிய எட்டிப் பாக்கும்.

குட்டியோட பசி பாரை மட்டும் பாத்துக்கிட்டே இரு. முழுசாத் தீர்ந்தப்புறம் வேட்டைக்குக் கிளம்பினா நேரம் போதாது. பாதிக்கு வரும்போதே கிளம்பணும். வேட்டை கிடைக்காமப் போகும், போற வழியில கரடி நிக்கும், திரும்பற நேரமும் உண்டு, எல்லாத்தையும் அந்தப் பாதியிலதான் கணக்கு வைக்கணும். தாய் தகப்பன் வயித்துல கொண்டுவந்து கக்கித்தான் ஊட்டும், அதனால விழுத்தின இடத்துல உன் வயிறு நிறையணும், வந்து கக்கினப்புறம் உனக்கும் மிச்சம் இருக்கணும். கிட்டக்க முயல் கிடைச்சா விடாதே, பெரிய பசிக்கு அது பத்தாது, ஆனா பார் பாதாளத்துக்குப் போகாமத் தாங்கிப் பிடிக்கும். மே மாசக் கடைசியில இருந்து ஜூன் வரைக்கும் எல்க் கன்னு பிறக்கிற காலம். கன்னு கிட்டக்க இருந்தா பெட்டை எல்க்கைத் தேடி மேப் கடந்து போகாதே. ஆனா தாய் எல்க் முன்னங்காலால மிதிக்கும், அது எங்க நிக்குதுன்னு பாத்துட்டுப் போ.

ஒருத்தர் எப்பவும் டென்கிட்ட. ஜோடி உன் பின்னாடியே வேட்டைக்கு வந்துட்டா, அன்னைக்குத் தூர வேட்டை வேண்டாம்.

கயோட்டி, கரடி, மலைச்சிங்கம்னு சொல்ற கூகர், பருந்து இனத்துல பொன்னிறக் கழுகு, இதுங்கதான் குட்டிக்கு எமன். குட்டி டென் வாயை விட்டு விலகி விளையாடற நேரத்துலதான் கழுகு இறங்கும். விலகினதைச் சேர்த்து இழுத்துக்கிட்டு வா. மத்ததுங்க வந்தா எதிரிக்கும் டென் வாய்க்கும் நடுவுல நில்லு. பக்கவாட்டுல போய்த் துரத்தினா வாய் திறந்து கிடக்கும். ஊளையிட்டு ஜோடியைக் கூப்பிடு. ஒத்தையாக் கரடியை அடிச்சு ஜெயிக்கணும்னு இல்லை, அது சலிச்சுப் போற வரைக்கும் முன்னாலயும் பின்னாலயும் தொந்தரவு பண்ணினாப் போதும்.

#16 ஊத்தங்கரை_வாசி

இந்த விளையாட்டு ஏன் இவ்வளவு கண்டிப்பா இருக்குன்னு கேக்கறவங்களுக்கு: 2007 டிசம்பர்ல எடுவெப் நிறுவனமும் மினசோட்டா விலங்குக் காட்சிசாலையும் சேர்ந்து, அமெரிக்க தேசிய அறிவியல் நிதியத்தோட உதவியில பாடமா கொண்டுவந்தது இது. ஆனிவர்சரி எடிஷன் 2019ல ஆரம்ப வடிவத்துல வந்தது. யெல்லோஸ்டோன்ல 1926க்குள்ள ஓநாயைக் கொன்னு தீர்த்துட்டாங்க. அப்புறம் கனடாவுல இருந்து 1995ல 14, 1996ல 17ன்னு கொண்டுவந்து விட்டாங்க. அமெதிஸ்ட் மவுண்டனும் ஸ்லோ க்ரீக்கும் அந்தப் பூங்காவோட வடக்குல நிஜமாவே இருக்கிற இடங்கள். அதனால நிஜ ஓநாய் செய்யாததைச் செஞ்சா இங்க பலன் கிடைக்காது. ஒரு விஷயம் புரியலைன்னா நிஜ ஓநாய் அந்த இடத்துல என்ன செய்யும்னு கேட்டாலே பெரும்பாலும் விடை வந்துடும்.

#17 தளி_சாலை

நண்பர்களோட சேர்ந்து ஆடுறவங்களுக்கு: எல்லாரும் ஒரே எல்க் பின்னால ஓடாதீங்க, எல்லாருக்கும் ஒரே நேரத்துல மூச்சு தீரும். ஒருத்தர் கிளப்பணும், ஒருத்தர் அது ஓடிவரும் பக்கம் முன்னாடியே போய் நிறைஞ்ச ஸ்டாமினாவோட நிக்கணும். யார் எதுன்னு மந்தையைப் பாக்கிறதுக்கு முன்னாடியே பேசிடுங்க. சின்னப் பசங்க ஆடினா பொது அறை வேண்டாம், தெரிஞ்சவங்களோட தனி அறை போட்டுக் கொடுங்க.

#18 பாலக்கோடு_தம்பி

எல்லாருக்கும் ரொம்ப நன்றிணா, நன்றிக்கா. கடைசியா ஒண்ணு. ஜோடி கிடைச்ச உடனே ஸ்லோ க்ரீக் போயிடலாமா? லெவலை இப்பவே கஷ்டமான அக்யூரேட்டுக்கு மாத்தலாமா?

#19 தென்பெண்ணை

ரெண்டும் வேண்டாம். ஜோடியோட அமெதிஸ்ட்லயே இன்னும் கொஞ்சம் வேட்டையாடுங்க. கிளப்பின மந்தைகள்ல அஞ்சுக்கு ரெண்டு விழற வரைக்கும், விழாத மூணுலயும் ஹெல்த் முக்கால்வாசிக்குக் குறையாம வெளிய வர்ற வரைக்கும் அங்கயே இருங்க. ரெண்டாவது கணக்குதான் முக்கியம். குட்டி இருக்கும்போது தோத்த வேட்டையில அடிபட்டு வந்தா அடுத்த வேட்டைக்குப் போகவே முடியாது.

லெவல் ஈஸியிலயே ஒரு தலைமுறைக் குட்டியை வளர்த்து முடிங்க. அப்புறம் ஒரு படி ஏத்துங்க. அயர்ன்வுல்ஃப் பக்கம் இப்போ போகாதீங்க, அதுல ஓநாய் செத்தா அத்தோட முடிஞ்சுது, பழைய சேவ் கைகொடுக்காது.

#20 காவேரிப்பட்டணம்_அக்கா

ஸ்லோ க்ரீக் கிளம்பற அன்னைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, முழு ஹெல்த்தோட கிளம்பு கண்ணு. புது மேப்ல முதல் வேலை டென் பாக்கிறது, பசியோட போனா எல்க் பின்னால ஓடிட்டு டென்னை அவசரமா எடுத்துடுவே.